சாந்தி வேறு, ரெனே வேறு – கடிதம்

வணக்கம் அக்கா,

டென்னிஸ் வீராங்கனை ரெனே ரிச்சர்ட்ஸின் வாழ்க்கையை வைத்து 1986-இல் வந்த ‘செகண்ட் சர்வ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்தேன். வனெஸ்ஸா ரெட்கிரேவ் நடித்திருக்கிறார். திருநங்கை வேடத்தில் திருநங்கைதானே நடிக்க வேண்டும்? நம் சாந்தியைப் போன்ற திருநங்கை வீராங்கனைகளைப் பற்றி வசந்தம் தொலைக்காட்சியில் இப்படி ஒரு நாடகம் வருமா? இதெல்லாம் நம் சமூகத்துக்குப் புதிது, ஏற்றுக்கொள்வார்களா என்று தயக்கமாக இருக்கிறது.

க., உட்லண்ட்ஸ்

அன்புள்ள க.,

போன மாதம்தான் நானும் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

யார் நடிக்கலாம் என்பதை விடுங்கள், அது எடுப்பவர்கள் பாடு. ‘புதிது’ என்று எப்படி எழுத மனசு வந்தது? 1971-லேயே இங்கே சிங்கப்பூரில், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பாலின மாற்று அறுவை சிகிச்சை நடந்துவிட்டது. செய்தவர் இலங்கையில் பிறந்த தமிழர், டாக்டர் எஸ். எஸ். ரத்னம். நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது என்பதற்காக அது புதிதாகிவிடாது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் சாந்தி சௌந்தரராஜன் திருநங்கை இல்லை. புதுக்கோட்டைப் பக்கம் கத்தக்குறிச்சியில் பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்ந்தவர். 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிறகு செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தார். ரெனே அப்படி இல்லை. 40 வயது வரை ஆணாக அறியப்பட்ட கண் மருத்துவர், நான் பெண் என்று தானே முடிவெடுத்தவர். ரெனேயிடம் 1976-இல், பெண்தானா என்று பார்க்கும் குரோமோசோம் சோதனை கேட்டார்கள். மறுத்துவிட்டு நீதிமன்றம் போனார், 1977-இல் ஜெயித்து அமெரிக்க ஓப்பனில் ஆடினார். கத்தக்குறிச்சிப் பெண்ணுக்கு எந்த நீதிமன்றம் இருந்தது? இரண்டு பேரையும் ஒரே சொல்லில் கட்டிப்போடாதீர்கள். தான் யார் என்று சாந்தி எப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். கேட்காமல் நாம் ஒரு பெயர் வைத்தால், அந்தச் சோதனைக்கூடம் செய்ததையே நாமும் செய்கிறோம்.

நான் இவ்வளவு கடுமையாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு.

எழுபதுகளில் பாரர் பார்க் திடலில் பள்ளிகளுக்கு இடையிலான ஓட்டப்பந்தயம் நடக்கும். என் வகுப்பில் ஒருத்தி 800 மீட்டர் ஓடுவாள். நெடுநெடுவென்று வளர்ந்தவள், மேலுதட்டில் பூனைமுடி கொஞ்சம் அடர்த்தி. நான் எப்போதும் அவளுக்கு 20 மீட்டர் பின்னால்தான் வருவேன். ஒருநாள் வேறு பள்ளிப் பெண்ணின் அம்மா கோட்டோரம் நின்று, “இது பொண்ணா, பையனா?” என்று சத்தமாகக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த பந்தயத்துக்கு அவள் முகம் முழுக்கப் பவுடர் அப்பிக்கொண்டு வந்தாள். இரண்டாவது சுற்றில் வியர்வை வழிந்து, உதட்டு மேலே பவுடர் கோடு கோடாகக் கரைந்தது. ஓடிக்கொண்டே புறங்கையால் அதைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வேகம் குறைந்தது. அன்றைக்கு முதல்முறையாக நான் அவளை முந்தினேன். அதற்கப்புறம் அவள் ஓட வரவே இல்லை.

சில வருஷங்களுக்கு முன் தேக்கா சந்தையில் மீன் கடைக்கு முன்னால் அவளைப் பார்த்தேன். பேத்தியைக் கையில் பிடித்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவளே, “உன்கிட்டதான் கடைசியா தோத்தேன், ஞாபகம் இருக்கா?” என்று கேட்டுவிட்டு, கடைக்காரரிடம் வஞ்சிர மீனின் செவுளைத் தூக்கிக் காட்டச் சொன்னாள்.

அன்புடன்,
அக்கா