1904-ல், ஒட்டோமான் ஆட்சியில் இருந்த மாசிடோனியாவுக்கு வெளிநாட்டுப் போலீஸ் அதிகாரிகள் ஏன் வந்தார்கள்?

சுல்தான் விரும்பி அழைத்து வந்தவர்கள் இல்லை. 1903 ஆகஸ்டில் அங்கே சுல்தான் ஆட்சிக்கு எதிராக இலிண்டென் கிளர்ச்சி வெடித்து, ஒட்டோமான் படை அதைக் கொடூரமாக அடக்கியதும், அக்டோபரில் ஆஸ்திரியப் பேரரசரும் ரஷ்ய ஜாரும் ஆஸ்திரியாவின் மியூர்ஸ்டெக்கில் கூடி ஒரு சீர்திருத்தத் திட்டம் போட்டு சுல்தான் தலையில் கட்டினார்கள். ஜெண்டார்மரியை, அதாவது ராணுவப் பாணிப் போலீஸ் படையைச் சீரமைக்க இத்தாலிய ஜெனரல் டி ஜியோர்ஜிஸ் வந்தார்.

அப்புறம், எந்தப் பகுதியை எந்த நாட்டு அதிகாரிகள் கவனிப்பது என்ற பங்கீடு: ஸ்கோப்யே ஆஸ்திரியாவுக்கு, சலோனிக்கா ரஷ்யாவுக்கு, மொனாஸ்திர் இத்தாலிக்கு, செரெஸ் பிரான்ஸுக்கு, டிராமா பிரிட்டனுக்கு. ஜெர்மனி மட்டும் ஒதுங்கிக்கொண்டது, சுல்தானின் நட்பு அதற்கு முக்கியம்.

சரி, அதிகாரம்? நேரடியாகப் படையை நடத்தும் உரிமையை சுல்தான் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை, அதனால் பயிற்சி, மேற்பார்வை, அறிக்கை என்பதோடு பெரும்பாலும் அவர்கள் வேலை முடிந்தது. ஆயுதக் குழுக்களின் மோதலும் ஓயவில்லை. 1908 இளந்துருக்கியர் புரட்சியோடு திட்டமே கைவிடப்பட்டது.