உளப்பகுப்பாய்வில் இருவருக்கும் சம்மதம் என்றால் காதல் ஏன் தவறு?

சிகிச்சையாளரும் சிகிச்சைக்கு வருபவரும் வயது வந்தவர்கள், யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை, பிறகு சிகிச்சையாளருக்கு மட்டும் ஏன் தடை என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் தன்னைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் இருப்பது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

உளப்பகுப்பாய்வு என்பது பேச்சின் வழியே மனதை அறியும் சிகிச்சை. அந்தச் சிகிச்சை அறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வாரத்தில் பல நாள், அதே நேரம், ஏறக்குறைய 50 நிமிடம். வருபவர் மனதில் தோன்றுவதையெல்லாம் சொல்கிறார். இன்னொருவர் தீர்ப்பு எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நம்மில் பலருக்கு வாழ்நாளில் யாரும் இப்படிக் காது கொடுத்திருக்க மாட்டார்கள். அப்பாவிடம் கிடைக்காத அன்புக்கான ஏக்கம், அம்மாமேல் காட்ட முடியாத கோபம் எல்லாம் மெல்ல அந்தக் கேட்பவர்மேல் திரும்பும். டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று இதைத்தான் சொல்கிறார்கள். இது தற்செயலாக நடப்பதில்லை. இதை எழுப்பி, பார்த்து, புரிந்துகொள்வதுதான் சிகிச்சையே.

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட் 1915-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நோயாளிக்கு மருத்துவர்மேல் வரும் காதல் சிகிச்சைச் சூழல் உண்டாக்கியது, தன் அழகுக்கும் அறிவுக்கும் கிடைத்த பரிசு என்று மருத்துவர் நினைத்துவிடக் கூடாது என்கிறார். மருத்துவர் முன் ஒருவர் உடலைக் காட்டுவதைப் போன்றதுதான் இதுவும். அதிலிருந்து மருத்துவர் தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. நோயாளி விரும்புகிறார் என்பதால் எதுவும் மாறிவிடாது, முழுப் பொறுப்பும் மருத்துவர்மேல் வந்து விழுகிறது, அவ்வளவுதான். உங்கள் கேள்விக்கு நூறு ஆண்டுக்கு முன்பே வந்த நேரடியான பதில் இது. அதற்காக அந்த உணர்வை அடக்கச் சொல்வதும் சரியில்லை என்றார். ஆவியை வரவழைத்துவிட்டு ஒரு கேள்விகூடக் கேட்காமல் திருப்பி அனுப்புவது போலாகிவிடுமாம்.

இவ்வளவு தெளிவு சும்மா வரவில்லை. 1904-ல் சூரிச்சின் பர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனைக்கு 18 வயது சபீனா ஸ்பீல்ரைன் என்ற ரஷ்ய யூதப் பெண் கொண்டுவரப்பட்டார். அவரைக் கவனித்தவர் அங்கே மருத்துவராக இருந்த கார்ல் யுங், வயது 29, திருமணமானவர். சபீனா தேறினார், மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். பிறகு இருவருக்கும் இடையே காதல் வளர்ந்தது. அது உடல் உறவு வரை போனதா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. விஷயம் சபீனாவின் தாயின் காதுக்கு எட்டியபோது யுங் எழுதிய பதில்தான் என்னை உலுக்கியது. நான் கட்டணம் வாங்கவில்லை, அதனால் மருத்துவருக்குரிய எல்லை என்னைக் கட்டுப்படுத்தவில்லை, மருத்துவராகவே இருக்க வேண்டுமென்றால் ஒரு சந்திப்புக்கு 10 ஃப்ராங்க் கொடுங்கள் என்ற பொருளில் எழுதியிருந்தார். அந்தப் பெண் எதை நம்பி அவரிடம் மனதைத் திறந்தார் என்பது அந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை.

1909-ல் சபீனா ஃப்ராய்டுக்கே எழுதினார். ஃப்ராய்ட் முதலில் யுங் பக்கம்தான் நின்றார். யுங்குக்கு ஆறுதல் சொல்லி எழுதிய கடிதத்தில்தான் 'கவுண்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ்', அதாவது சிகிச்சையாளருக்கு நோயாளிமேல் எழும் உணர்வு, என்ற பெயரே முதன்முதலில் வருகிறது. யுங் ஒப்புக்கொண்ட பிறகு ஃப்ராய்ட், தவறு ஆணுடையது, உங்களுடையது இல்லை என்று சபீனாவுக்கு மன்னிப்புத் தொனியில் எழுதினார். சபீனாவை வெறும் பாதிக்கப்பட்டவராகப் பார்த்துவிடாதீர்கள். அவர் 1911-ல் வியன்னா உளப்பகுப்பாய்வுச் சங்கத்தில் சேர்ந்தார், தானே பகுப்பாய்வாளராகி முக்கியமான கட்டுரைகள் எழுதினார்.

ஆக, உணர்வு சிகிச்சையாளருக்கும் வரும். அதில் குற்றமில்லை. 1950-ல் பவுலா ஹைமான் என்ற பகுப்பாய்வாளர் வெளியிட்ட கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போய், அந்த உணர்வு நோயாளியின் மனதை அறிய உதவும் கருவி என்றது. ஆனால் கருவியாக இருக்க வேண்டுமென்றால் அதை எடுத்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும். அதனால்தான் பகுப்பாய்வாளராக விரும்புகிறவர் முதலில் தானே பகுப்பாய்வுக்கு உட்பட வேண்டும், தான் பார்க்கும் நோயாளிகளைப் பற்றி மூத்தவர் ஒருவரிடம் பேச வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. தனியாகச் சமாளித்துக்கொள்வேன் என்கிற சிகிச்சையாளரை நான் நம்ப மாட்டேன்.

அப்புறம் அந்த மௌனம். நான் சிகிச்சைக்குப் போன காலத்தில் அது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அவருக்குக் குழந்தைகள் உண்டா என்று கேட்டால், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்பார். நாள் போகப் போக ஒன்று புரிந்தது. இவருக்கு என்னைப் பிடிக்கவில்லை, எப்போது கிளம்புவேன் என்று காத்திருக்கிறார் என்றெல்லாம் நான் நினைத்துக்கொண்டது எதுவும் அவரிடமிருந்து வந்ததில்லை, என் வீட்டிலிருந்து நான் சுமந்து வந்தது. அவர் தன் கதையைச் சொல்லியிருந்தால் அதைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். இதைச் சொல்லும்போது, மௌனம் ஈவிரக்கமில்லாத விறைப்பாக மாறுவதையும் நான் ஏற்கவில்லை. ஃப்ராய்டே பசியோடு வந்த ஒரு நோயாளிக்குச் சாப்பாடு கொடுத்திருக்கிறார். அதே ஃப்ராய்ட் 1918-லிருந்து தன் மகள் அன்னாவையே பகுப்பாய்வு செய்ததை மட்டும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. அப்பாமேல் உள்ள உணர்வைப் பேச அப்பாவிடமே போக வேண்டிய நிலை அது.

சிகிச்சை முடிந்த பிறகு பழகலாமா? அமெரிக்க உளவியலாளர் சங்கத்தின் நெறிமுறை, சிகிச்சை முடிந்து 2 ஆண்டுகளாவது ஆக வேண்டும் என்கிறது, அதற்குப் பிறகும் மிக அபூர்வமாகத்தான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் முன்னாள் நோயாளியோடும் பாலுறவு கூடவே கூடாது என்கிறது. நான் இரண்டாவது பக்கம். அந்த உணர்வு கடைசிச் சந்திப்போடு முடிந்துவிடுவதில்லை.

நீங்கள் சிகிச்சை தொடங்கப் போகிறீர்கள் என்றால், கட்டணம் எவ்வளவு, நான் சொல்வது யாருக்குப் போகும், உங்கள் வேலையை மேற்பார்வை செய்பவர் உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். நல்ல சிகிச்சையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர்மேல் காதல் வந்தால் தாராளமாக அவரிடமே சொல்லுங்கள், அதைப் பேசுவதற்குத்தான் அந்த அறை. ஆனால் "இது நமக்குள்ளேயே இருக்கட்டும்" என்று அவர் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ரகசியம் காக்கும் கடமை அவருடையது, உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. வேறொரு நிபுணரிடம் சொல்லலாம், அந்தச் சிகிச்சையாளர் பதிவு செய்துள்ள அமைப்பில் புகாரும் கொடுக்கலாம்.