ஓ2 கொடுத்தால் விடை மாறுவது ஏன்?

கேள்வி: சென்சாரிலிருந்து வரும் பைட்டுகளை 32 பிட் இன்டிஜராகச் சேர்த்து, ஃப்ளோட் மதிப்பாகப் படிக்கும் சி நிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன். ஒரே பஃபரின் முகவரியை இன்டிஜர் பாயிண்டராகவும் ஃப்ளோட் பாயிண்டராகவும் ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பி, முதலாவதன் வழியாக எழுதி, இரண்டாவதன் வழியாகப் படிக்கிறேன். ஓ0-வில் (ஆப்டிமைசேஷன் இல்லாத நிலை) சரியாக ஓடும் நிரல் ஓ2-வில் (வேகத்துக்காகக் கம்பைலர் நிரலை மாற்றியமைக்கும் நிலை) பழைய மதிப்பைத் தருகிறது. ஜிசிசி கம்பைலர் ஓர் எச்சரிக்கையும் தரவில்லை. பிழை யாருடையது? அதைக் கண்டுபிடிக்கும் கருவி உண்டா?
– ச. த., ஓசூர்

பதில்: பிழை நிரலுடையதுதான். ஓரிடத்தில் எந்த வகை மதிப்பு எழுதப்பட்டதோ அதே வகையாகவோ, அதனோடு ஒத்துப்போகும் வகையாகவோ, கேரக்டர் வகையாகவோ மட்டுமே அதைப் படிக்கலாம் என்பது சி தரநிலையின் விதி. அதை மீறினால் நடப்பது வரையறுக்கப்படாத நடத்தை, அதாவது நிரல் என்ன செய்யும் என்பதற்குத் தரநிலை எந்த உறுதியும் தராது.

இன்டிஜர் பாயிண்டர் வழியாக 1 என்றும், அடுத்து ஃப்ளோட் பாயிண்டர் வழியாக 2.0 என்றும் எழுதிவிட்டு, இன்டிஜர் மதிப்பைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் ஒன்றைத் தனி ஃபைலில் எழுதி, இரண்டுக்கும் ஒரே முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். ஓ0-வில் 2.0-வின் பிட் வடிவமான 1073741824 வரும். ஓ2-விலோ 1 வரும். இரு வகைகளும் ஓரிடத்தைத் தொடா என்று நம்பக் கம்பைலருக்கு உரிமை இருப்பதால், அது நினைவகத்தை மறுபடி படிக்காமலேயே 1-ஐத் தந்துவிடுகிறது. உங்கள் நிரலில் எழுதும் முன்பே படித்துவிடுகிறது, காரணம் ஒன்றே.

எச்சரிக்கை வராததும் வியப்பன்று. -Wall ஃப்ளாக்குடன் (பொதுவான எச்சரிக்கைகளை இயக்கும் தேர்வு) சேர்ந்து வரும் அலையாசிங் எச்சரிக்கை (ஓரிடத்தை இரு பாயிண்டர்கள் காட்டுவதே அலையாசிங்), மாறியின் முகவரியைக் காஸ்ட் செய்த கையோடு அதைப் படிக்கும் வெளிப்படையான இடங்களையே பெரும்பாலும் பிடிக்கும். ஃபங்ஷனுக்குள் வந்துசேர்ந்த இரு பாயிண்டர்கள் ஓரிடத்தைக் காட்டுகின்றனவா என்பது அதற்குத் தெரியாது. நிரல் ஓடும்போது பிழை பிடிக்கும் கருவிகளில், அட்ரஸ் சானிட்டைசர் எல்லை மீறலையும் விடுவித்த நினைவகத்தைத் தொடுவதையும் பார்க்கிறது. யூபிசான் (அன்டிஃபைன்டு பிஹேவியர் சானிட்டைசர்) ஓவர்ஃப்ளோ, அலைன்மென்ட் போன்றவற்றைப் பார்க்கிறது. பெயரில் 'வரையறுக்கப்படாத நடத்தை' இருப்பதால் யூபிசான் இதையும் பிடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள், பிடிக்காது.

இதற்கென்றே வந்தது கிளாங் என்ற கம்பைலரின் டைப் சானிட்டைசர். கிளாங் இடம்பெறும் எல்எல்விஎம் தொகுப்பின் 20-ஆம் பதிப்பில், 2025-இல், அது சேர்ந்தது. நினைவகத்தில் எந்த இடத்தில் எந்த வகை எழுதப்பட்டது என்பதைத் தனியே குறித்துவைத்து, ஒவ்வொரு முறை தொடும்போதும் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் அந்த வரியைச் சொல்லும். வேகம் குறையும், சோதனையில் ஓடாத பாதையில் இருக்கும் பிழையும் அதற்குத் தெரியாது.

அந்தக் கம்பைலர் கைவசம் இல்லையென்றால், ஓ2-வை அப்படியே வைத்து, இந்த விதியை நம்பிச் செயல்படாதே என்று கம்பைலரிடம் சொல்லும் நோ-ஸ்ட்ரிக்ட்-அலையாசிங் ஃப்ளாக்கைச் சேர்த்து ஒரு முறையும் சேர்க்காமல் ஒரு முறையும் ஓட்டிப் பாருங்கள். விடை மாறினால் சந்தேகம் வலுக்கிறது. மாறாவிட்டால் நிரல் சுத்தம் என்று பொருளில்லை. லினக்ஸ் கெர்னல் முழுவதுமே அந்த ஃப்ளாக்குடன்தான் கம்பைல் ஆகிறது என்றாலும், புதிதாக எழுதும் சிறு நிரலுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பைட்டுகளை நகலெடுக்கும் மெம்காப்பி ஃபங்ஷன் கொண்டு நான்கு பைட்டுகளை ஃப்ளோட் மாறிக்குள் நகலெடுங்கள். ஓ2-வில் அது பொதுவாக ஒரே கட்டளையாகச் சுருங்கிவிடும் என்பதால் வேகம் குறையுமோ என்ற கவலை வேண்டாம். ஒரே இடத்தைப் பல வகைகள் பகிரும் யூனியனும் சி-யில் செல்லும், சி++-இல் செல்லாது. அங்கே சி++20 முதல், பிட்டுகளை அப்படியே வேறு வகையாகத் தரும் பிட்-காஸ்ட் இருக்கிறது.

கேள்வி: ரஸ்ட் மொழியில் அன்சேஃப் (கம்பைலரின் சில பாதுகாப்புச் சோதனைகளைத் தளர்த்தும் பகுதி) எழுதினாலும் இதே சிக்கல் வருமா?
– இரா. வி., திருச்சி

பதில்: வகையை வைத்து வரும் இந்த விதி ரஸ்ட்டில் இல்லை. அங்கே சிக்கல் மியூட்டபிள் ரெஃபரன்ஸில் (மதிப்பை மாற்ற அனுமதிக்கும் சுட்டி): அது உயிரோடிருக்கும்போது அதே இடத்தை வேறு வழியாகத் தொட்டால், வகை ஒன்றாக இருந்தாலும் தவறு. அதைப் பிடிக்க மிரி என்ற கருவி இருக்கிறது. நிரலை வரிவரியாகத் தானே இயக்கி, எந்த ரெஃபரன்ஸ் எப்போது எதைத் தொடலாம் என்று விதிக்கும் ஸ்டாக்டு பாரோஸ் என்ற மாதிரியின்படி சரிபார்க்கும்; கேட்டால் ட்ரீ பாரோஸ் என்ற மற்றொரு மாதிரியின்படியும் பார்க்கும். சி நூலகங்களை அழைக்கும் பகுதிகளில் அது பெரும்பாலும் நின்றுவிடுவதால், அன்சேஃப் பகுதியைத் தனி மாட்யூலாகப் பிரித்து, அதற்கு மட்டும் சோதனைகள் எழுதி மிரியில் ஓட்டுங்கள்.