படகுக்குப் பேட்டரி வாங்கும் முன் ஒயரைச் சுரண்டிப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 18 அடி ஃபைபர் படகு இருக்கிறது. வெளியே மாட்டும் எஞ்சின், கயிறு இழுத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இரவில் மீன்பிடிக்கப் போவதால் விளக்கு, மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர், மற்ற படகுகளோடும் கரையோடும் பேச விஎச்எஃப் ரேடியோ, படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் எல்லாம் மாட்டலாம் என்றிருக்கிறேன். கார் பேட்டரியும் வீட்டு ஒயரும் போதும் என்கிறார்கள். எத்தனை ஆம்பியர் பேட்டரி வாங்குவது?

பதில்: பேட்டரியைக் கடைசியாக வாங்குங்கள். முதலில் ஒரு தாளில் எது எவ்வளவு கரண்ட் இழுக்கும், எத்தனை மணி நேரம் எரியும் என்று எழுதுங்கள். எல்இடி வழிவிளக்குகள் எல்லாம் சேர்த்து அரை ஆம்பியர், வேலை வெளிச்சத்துக்கு 24 வாட் எல்இடி என்றால் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர், ஃபிஷ் ஃபைண்டர் ஏறக்குறைய 1, ரேடியோ கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் அரை. கூட்டினால் 4, எட்டு மணி நேரத்துக்கு 32. ரேடியோவில் பேசுவது, போன் சார்ஜ், பம்ப் அவ்வப்போது ஓடுவது என்று இன்னும் கொஞ்சம் சேர்த்து 36 ஆம்பியர்-மணி என்று வையுங்கள். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், அதனால் இதைப் போல் இரண்டு மடங்கு, கையிருப்பாகக் கொஞ்சம், ஆக 80 முதல் 100 ஆம்பியர்-மணி வரை.

கார் பேட்டரி வேண்டாம். அது எஞ்சினைச் சுழற்ற சில நொடிகள் மட்டும் பலமாகக் கொடுப்பதற்குச் செய்தது, இரவு முழுக்க மெதுவாக உறிஞ்சினால் தாங்காது. டீப் சைக்கிள் என்று கேளுங்கள். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற ட்யூபுலர் பேட்டரியும் அந்த வகைதான், ஆனால் ஓர் ஆள் கனம் இருக்கும், ஆட்டத்தில் ஆசிட் சிந்தும். படகுக்கு மூடிய ஏஜிஎம் நல்லது, அதில் ஆசிட் கண்ணாடி இழை விரிப்பில் ஊறியிருப்பதால் சிந்தாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்க முடிந்தால் 50 ஆம்பியர்-மணியே போதும், தூக்கிக்கொண்டு கரையேறுவதும் சுலபம். சார்ஜர் மட்டும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

சரி, இப்போது ஒயர். என் பணமாக இருந்தால் இங்கேதான் தாராளமாகச் செலவழிப்பேன். ஒற்றைக் கம்பியாக இருக்கிற ஒயர் எஞ்சின் அதிர்விலேயே ஒடிந்துவிடும். பல இழை ஒயரிலும் வெறும் செம்பு என்றால் உப்புக்காற்று இழைகளுக்குள்ளே ஏறிக் களிம்பு பிடிக்கும். ஒரு தடவை விளக்கு எரியவில்லை என்று முனையை வெட்டினேன், உள்ளே பச்சை. சரி என்று ஒரு சாண் தள்ளி வெட்டினேன், அங்கேயும் பச்சை. கடைசியில் முழு ஒயரையும் உருவிப் போட்டேன். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் கேளுங்கள், கடையில் ‘டின்டு காப்பர்’ என்றால் தெரியும். நகவெட்டியோ கத்தியோ கொண்டுபோய் இழையைச் சுரண்டிப் பாருங்கள். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் நல்ல சரக்கு. வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு, பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

முனைகளை முறுக்கி டேப் சுற்றுவது வேண்டவே வேண்டாம். லக் என்கிற உலோக முனையை வைத்துக் கிரிம்ப் செய்து (கருவியால் நசுக்கி இறுக்கி), சூட்டில் சுருங்கும், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டுச் சூடு காட்டுங்கள். ஓரத்தில் பசை பிதுங்கி வந்தால்தான் தண்ணீர் போகாது.

ஃப்யூஸ் இருப்பது கருவியைக் காப்பாற்ற என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். முதல் வேலை ஒயர் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது. அதனால் மெயின் ஃப்யூஸ் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும், அதற்கப்புறம் மெயின் சுவிட்ச், ஃப்யூஸ் பேனல், ஒவ்வொரு கருவிக்கும் தனி ஒயர். 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயருக்கு 15 ஆம்பியருக்கு மேல் ஃப்யூஸ் போடாதீர்கள். பில்ஜ் பம்ப் மட்டும் விதிவிலக்கு: மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே, தனி ஃப்யூஸ் வைத்து, தண்ணீர் ஏறினால் தானே பம்பைப் போடும் மிதவை சுவிட்ச் வழியாக நேரே பேட்டரிக்குப் போக வேண்டும். நீங்கள் மெயினை அணைத்துவிட்டு வீட்டில் தூங்கும்போதுதானே மழை பெய்யும்.

பெட்ரோல் டேங்க் பக்கத்தில் பேட்டரியோ சுவிட்சோ வைக்காதீர்கள், ஒரு பொறி போதும். பேட்டரியைப் பெட்டியில் வைத்துப் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள்.

கேள்வி: ரேடியோவில் எல்லாம் கேட்கிறது, பேச பட்டனை அழுத்தினால் அணைந்துவிடுகிறது. பேட்டரி புதியது. ரேடியோவை மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள், பெரும்பாலும் ஒயர்தான். கேட்கும்போது அரை ஆம்பியர் இழுக்கிற ரேடியோ 25 வாட்டில் பேசும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும். 1 ஸ்கொயர் ஒயரில் பேட்டரியிலிருந்து 5 மீட்டர் என்றால் போகவர 10 மீட்டர், 5 ஆம்பியருக்கே ஏறக்குறைய 0.9 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும், துருப்பிடித்த ஜாயின்ட் இருந்தால் இன்னும் மோசம். அதே தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் போட்டால் 0.35 தான். மல்டிமீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரி பாசிட்டிவிலும் இன்னொன்றை ரேடியோவின் சிவப்பு ஒயர் முனையிலும் வைத்து பட்டனை அழுத்துங்கள், ஆன்டெனா மாட்டியிருக்க வேண்டும். மீட்டர் காட்டுவதுதான் அந்தப் பக்கத்து இழப்பு. நெகட்டிவ் பக்கமும் அப்படியே பாருங்கள், நிறைய நேரம் குற்றவாளி அங்கேதான்.

கேள்வி: 50 வாட் சோலார் பேனலை நேரே பேட்டரியில் மாட்டலாமா?

பதில்: கூடாது, நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டும். நல்ல வெயிலில் பேனல் 18 வோல்ட்டுக்கு மேலும் போகும், மூடிய பேட்டரி அதில் வெந்துவிடும். முதல் கேள்விக்காரர் அளவுக்குச் செலவு என்றால் 50 வாட் பத்தாது, நாளுக்கு 12, 15 ஆம்பியர்-மணி வந்தாலே அதிர்ஷ்டம். 150 வாட் போடுங்கள், இல்லையென்றால் கரையில் சார்ஜர்.