ஆட்டிசத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்கும் படப் புத்தகங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இத்தகைய புத்தகம் கைக்கு வந்ததும் நான் முதலில் கடைசிப் பக்கங்களைப் படித்துவிடுவேன். கதை முடியும்போது மாறியிருப்பவர் யார் என்பதை அங்கேதான் காண முடியும். ஆட்டிசத்தால் கைகளை உதறிக்கொண்டிருந்த பிள்ளை அதை நிறுத்திய பிறகே மற்றவர்கள் விளையாட்டில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்றாலும், கணக்கிலோ ஓவியத்திலோ அபாரத் திறமை வெளிப்பட்ட பிறகே வகுப்பு அந்தப் பிள்ளையைக் கொண்டாடுகிறது என்றாலும், அந்தப் புத்தகத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. எழுதியவரின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆயினும், நம்மைப்போல் ஆனால்தான் அல்லது நம்மை வியக்கவைத்தால்தான் நட்பு கிடைக்கும் என்ற நிபந்தனையே கேட்கும் குழந்தையின் மனத்தில் தங்கிவிடுகிறது. ஆட்டிசம் உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட அபூர்வத் திறமை எதுவும் இருப்பதில்லை. இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் அவர்களுக்கு இல்லை.

ஆட்டிசம் உள்ளவரான சமூகவியல் ஆய்வாளர் டேமியன் மில்டன், 2012இல் எழுதிய கட்டுரையொன்றில், புரிந்துகொள்வதில் உள்ள சிக்கல் ஆட்டிசம் உள்ளவர்களிடம் மட்டுமே இருப்பதன்று, இரு தரப்புக்கும் பொதுவானது என்று வாதிட்டார். நல்ல படப் புத்தகம் இதனை ஐந்து வயதுக் குழந்தைக்கும் எட்டும்படி செய்துவிடுகிறது. ஜென் பெய்லி எழுதி மிகா சாங் ஓவியம் தீட்டிய ‘எ ஃபிரண்ட் ஃபார் ஹென்றி’ (2019) அத்தகையது. ஹென்றி தானே ஒரு நண்பரைத் தேடுகிறான். யாரோ இரங்கி அவனைச் சேர்த்துக்கொள்வதாகக் கதை அமையவில்லை. வகுப்பில் மற்றவர்கள் செய்வது அவனுக்கு ஏன் உறுத்துகிறது என்பதை நாம் அவன் பக்கம் நின்று பார்க்கிறோம்.

ஓவியங்களையும் தனியாகக் கவனியுங்கள், ஏனெனில் சொற்களால் விளக்க முடியாததை அவை ஒரே பக்கத்தில் உணர்த்திவிடும். உணவுக்கூடத்தின் இரைச்சல் பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நடுவில் பிள்ளை சிறுத்துத் தெரியும்படி வரைந்தால், அது ஏன் காதைப் பொத்திக்கொள்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதே காட்சியில் காதைப் பொத்திய பிள்ளையையும் அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களையும் மட்டும் வரைந்தால், வாசிக்கும் குழந்தையும் முகம் சுளிப்பவர்களோடுதான் நிற்கும். படத்தில் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, அடுத்த பக்கத்தில், கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதிலளிப்பதைக் கண்டால், முகத்தைப் பார்க்காமலும் ஒருவரால் கவனிக்க முடியும் என்பது விளக்கமில்லாமலே விளங்கும்.

ஒரே புத்தகத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஆட்டிசம் ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு விதமாக வெளிப்படுகிறது. வாய்ப்பேச்சு இல்லாத பிள்ளையின் ஒரு நாளைக் காட்டும் ‘எ டே வித் நோ வேர்ட்ஸ்’ (2023) நூலில், தாயும் மகனும் கைக்கணினி வழியாகவே உரையாடுகிறார்கள். அதனை எழுதிய டிஃபனி ஹாமண்ட் ஆட்டிசம் உள்ளவர். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் தாயும்கூட. அந்த அனுபவத்தின் நிதானம் வரிகளில் தெரிகிறது. சிறுமிகளைப் பற்றிய கதைகளையும் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள்; பெண் குழந்தைகளிடம் ஆட்டிசம் பலமுறை தாமதமாகவே கண்டறியப்படுகிறது, கதைகளிலும் பெரும்பாலும் சிறுவர்களே வருகிறார்கள். அமெரிக்கக் குழந்தைகள் தொலைக்காட்சித் தொடரான ‘செசமி ஸ்ட்ரீட்’ 2015இல் ஒரு கதைப் புத்தகத்தின் வழியே அறிமுகப்படுத்திய, ஆட்டிசம் உள்ள சிறுமி ஜூலியா அவ்வகையில் முக்கியமானவள்.

வாசிக்கும்போது ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. வகுப்பில் ஆட்டிசம் உள்ள பிள்ளை இருந்தால், அதன் பெயரைச் சொல்லியோ அதன் பக்கம் திரும்பியோ வாசிக்காதீர்கள். எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பிள்ளை காட்சிப்பொருளாகிவிடும். அந்தப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் விரும்பினால் மட்டும் பேசலாம். கதை முடிந்ததும், என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்பதைவிட, உங்களுக்குத் தாங்க முடியாத சத்தம் எது, சட்டையில் எது உறுத்தும் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்வார்கள். இது நோயா, ஒட்டிக்கொள்ளுமா என்று எவரேனும் கேட்டால் தயங்காமல் நேராகவே பதில் சொல்லுங்கள்: நோய் இல்லை, ஒட்டாது, பிறவியிலேயே மூளை சற்று வேறு விதமாக இயங்குகிறது.