ஒரு காது மட்டும் திடீரென அடைத்தால்

கேள்வி: வயது 48. நான்கு நாள் முன்பு தூங்கி எழுந்ததும் வலது காது அடைத்ததுபோல் இருந்தது. போனை அந்தக் காதில் வைத்தால் பேச்சே கேட்பதில்லை, ‘ஙொய்’ என்று இரைச்சல் மட்டும்தான். வலி இல்லை. அழுக்கு என்று நினைத்து மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விடுகிறேன். சர்க்கரை உண்டு. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம். இன்றே, இல்லையென்றால் நாளைக் காலையிலாவது காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

அழுக்கு, சளியால் செவிப்பறைக்குப் பின்னால் தேங்கும் நீர் ஆகியவையும் இப்படி அடைக்கும், அவற்றில் அவசரமில்லை. காது நரம்பு பழுதானாலும் ‘அடைப்பு’ போலவேதான் தோன்றும். அதனால்தான் பலர் சொட்டு மருந்திலேயே நாட்களைக் கழித்துவிடுகிறார்கள்.

வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். சத்தம் அடைத்த காதில் பலமாகக் கேட்டால் பெரும்பாலும் அழுக்கோ நீரோதான். நல்ல காதுப் பக்கம் ஒதுங்கினால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். எதுவானாலும் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவர் முதலில் காதுக்குள் விளக்கு வைத்துப் பார்ப்பார். அப்புறம் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை (தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் உலோகக் கவை) தட்டி நெற்றியிலும் காதின் பின் எலும்பிலும் வைப்பார். அடுத்தது ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனை அளக்கும் சோதனை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காதின் பின் எலும்பு வழியாகவும் ஒலியை அனுப்பிச் சோதிப்பார்கள்; அந்த ஒலி மண்டையோட்டைக் கடந்து நல்ல காதுக்கும் போய்விடும். கேட்காத காது கேட்பதாகப் பொய்க்கணக்கு வரும். அதனால் நல்ல காதில் ‘ஷ்ஷ்’ என்ற இரைச்சலை ஓடவிட்டுச் சோதிப்பார்கள். அது எரிச்சலாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் (சுருதிகளில்) 30 டெசிபலோ (ஒலி அளவின் அலகு) அதற்கு மேலோ நரம்பு வழியாகக் கேட்கும் திறன் குறைந்திருந்தால் அது ‘திடீர் செவிட்டுத்தன்மை’. இதற்கு ஸ்டீராய்டு தருவோம். முதல் இரண்டு வாரங்களுக்குள், அதிலும் சீக்கிரமே தொடங்கினால் பலனுக்கு வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையை ஏற்றும் என்பதால், உங்களைப் போன்றவர்களுக்குச் செவிப்பறை வழியாக ஊசி போடுவதும் உண்டு. சர்க்கரை மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

பிறகு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் பயப்படாதீர்கள். காது நரம்பில் மெதுவாக வளரும், புற்றுநோய் அல்லாத கட்டி ஒன்று அரிதாக இப்படித் தலைகாட்டும். அது இல்லை என்று உறுதிசெய்யத்தான்.

முகம் கோணுவது, பேச்சுக் குழறல், கைகால் பலவீனம், நிற்கவே முடியாத தலைசுற்றல் இருந்தால் மட்டும் காது மருத்துவருக்காகக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.