விவாகரத்தும் அரசாங்கப் பென்ஷனும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 52 வயது. கணவருக்கு 57. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 1994-ல் சேர்ந்தவர், பழைய பென்ஷன் திட்டம். இப்போது அடிப்படைச் சம்பளம் 80,000 ரூபாய். சில வருடங்களாகப் பிரிந்து வாழ்கிறோம். பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து வாங்கிக்கொள்ளலாம், மொத்தமாக 12 லட்சம் தருகிறேன் என்கிறார். பென்ஷனில் பாதி மனைவிக்குச் சட்டப்படி வந்துவிடும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். உண்மையா? எனக்குத் தனி வருமானம் இல்லை, இந்து முறைப்படி நடந்த கல்யாணம்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சகோதரி, முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை முழுக்கப் படித்து முடிக்கும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

யூடியூபில் கேட்டது அமெரிக்கச் சட்டமாக இருக்கும். அங்கே பல மாநிலங்களில் மணவாழ்க்கை நடந்த மாதங்களை மொத்தப் பணி மாதங்களால் வகுத்து, வருகிற பங்கில் பாதியை மனைவிக்கு எழுதுவார்கள். அந்த நீதிமன்ற உத்தரவை அனுப்பினால் பென்ஷன் அலுவலகமே முன்னாள் மனைவிக்கு நேரடியாகப் பணம் அனுப்பும். நம் ஊரில் அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. 1871-ம் வருடத்துப் பென்ஷன் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12-வது பிரிவு, இனி வரப்போகிற பென்ஷனை முன்கூட்டியே யாருக்கும் எழுதிக்கொடுத்தால் செல்லாது என்கிறது. அதனால் "என் பென்ஷனில் பாதி உனக்கு" என்று அவரே பத்திரத்தில் எழுதித் தந்தாலும், அதை வைத்துக்கொண்டு பென்ஷன் அலுவலகத்தில் போய்க் கேட்க முடியாது.

அதற்காகப் பென்ஷனுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆகிவிடாது. இந்து திருமணச் சட்டத்தின் 25-வது பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம் முடிவு செய்யும்போது, கணவருடைய வருமானம், சொத்து எல்லாவற்றையும் நீதிமன்றம் பார்க்கும். நாளைக்கு வரப்போகும் பென்ஷன், பணிக்கொடை, ஜி.பி.எஃப். (அரசு ஊழியரின் பொது வருங்கால வைப்பு நிதி) எல்லாம் அந்தக் கணக்கில் வர வேண்டியவை. அவற்றின் மதிப்பு என்ன என்று தெரியாமல் போய் உட்கார்ந்தால் 12 லட்சம் பெரிய தொகையாகத்தான் தெரியும். போட்டுப் பார்ப்போம்.

இன்றைய சம்பளத்திலேயே அவர் ஓய்வு பெறுவதாக வைத்துக்கொண்டால் பென்ஷன் அதில் பாதி, 40,000 ரூபாய். அதற்கு மேல் அகவிலைப்படி. இந்த 40,000-ல் 40 சதவீதம் வரை, அதாவது 16,000 ரூபாயை அவர் கம்யூட்டேஷன் செய்து மொத்தமாக வாங்கலாம். 60 வயதில் ஓய்வு பெறுபவருக்கு அரசு வைத்திருக்கும் பெருக்குத்தொகை 8.194. 16,000-ஐ 12-ஆல் பெருக்கி, அதை 8.194-ஆல் பெருக்கினால் 15,73,248 ரூபாய் வருகிறது. இது அவர் கைக்கு ஒரே நாளில் வரும் பணம். அதற்குப் பிறகும் மாதம் 24,000 வரும், அகவிலைப்படி மட்டும் முழு 40,000-க்கும் கணக்கிட்டுத் தருவார்கள், 15 வருடம் கழிந்ததும் பிடித்த 16,000-மும் திரும்பி வந்துவிடும். பணிக்கொடை தனி. 33 வருடம் முடித்தவருக்கு அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையைப் போல 16.5 மடங்கு, உச்சவரம்பு 25 லட்சம். அகவிலைப்படியை விட்டுவிட்டு அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் போட்டாலே 13,20,000 ஆகிறது. ஜி.பி.எஃப்., விடுப்புச் சம்பளம் இதில் சேரவில்லை.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, பேரம் பேசுகிற மேஜையில் யாரும் இதை எடுப்பதில்லை. நீங்கள் இன்றைக்குச் சட்டப்படி மனைவி. அவருக்கு ஏதாவது ஆனால் குடும்ப ஓய்வூதியம் உங்களுக்கு உண்டு, எத்தனை வருடம் பிரிந்திருந்தாலும் சரி. கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், இன்றைய கணக்கில் 24,000, அதோடு அகவிலைப்படி, உங்கள் ஆயுள் முழுக்க. விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்றே இந்த உரிமை போய்விடும். விவாகரத்தான மனைவி குடும்ப ஓய்வூதிய விதிகளில் 'குடும்பம்' என்பதற்குள் வரமாட்டார். நீங்கள் அவரைவிட ஐந்து வயது இளையவர், அவருக்குப் பிறகு பல வருடம் நீங்கள் வாழ வாய்ப்பு இருக்கிறது. வருடத்துக்கு அகவிலைப்படி சேர்க்காமலே 2,88,000 ரூபாய் வரக்கூடிய ஓர் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்கள், அதற்கு விலை போட வேண்டாமா? ஒரு வழி சொல்கிறேன். எல்.ஐ.சி. அலுவலகத்துக்குப் போய், இத்தனை வருடம் கழித்து ஆயுள் முழுக்க மாதம் 24,000 வர இன்றைக்கு எவ்வளவு போட வேண்டும் என்று ஆனுவிட்டி (மொத்தமாகப் பணம் கட்டி மாதாமாதம் தொகை வாங்கும்) திட்டங்களில் கேளுங்கள். அவர்கள் சொல்லும் தொகைதான் நீங்கள் விடுகிற உரிமையின் குறைந்தபட்ச மதிப்பு. குறைந்தபட்சம் என்று சொல்லக் காரணம், ஆனுவிட்டி அகவிலைப்படியோடு சேர்ந்து உயராது, குடும்ப ஓய்வூதியம் உயரும்.

மறுமணம் செய்துகொள்ளும் எண்ணம் இரண்டு பேருக்குமே இல்லையென்றால், இந்து திருமணச் சட்டத்தின் 10-வது பிரிவின் கீழ் நீதிமன்றப் பிரிவினை (கல்யாணம் ரத்தாகாமல் சட்டப்படி பிரிந்து வாழ்வது) வாங்கிக்கொள்வதைப் பற்றியும் வக்கீலிடம் பேசுங்கள். மத்திய அரசு விதிப்படி, அந்தப் பிரிவினை பிறன்மனை உறவு காரணமாக வந்ததாக இல்லாவிட்டால், குடும்ப ஓய்வூதியத் தகுதி போகாது; தகுதியுள்ள பிள்ளைகள் இருந்தால் முதலில் அவர்களுக்குப் போய் அப்புறம் உங்களுக்கு வரும்.

விவாகரத்துதான் வேண்டும் என்றால், மொத்தத் தொகையோடு நிறுத்தாமல் மாதத் தொகையும் கேளுங்கள். அதை ரூபாயில் எழுதாமல், "சம்பளத்திலும் ஓய்வுக்குப் பின் அகவிலைப்படி சேர்ந்த பென்ஷனிலும் இத்தனை சதவீதம்" என்று எழுதச் சொல்லுங்கள். 2017-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், கைக்கு வரும் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமானது என்றது. எல்லா வழக்குக்கும் பொருந்தும் சட்டம் இல்லை, பேச்சைத் தொடங்க உதவும். அவர் இறந்துவிட்டால் மாதத் தொகையை வசூலிப்பது கஷ்டம். 25-வது பிரிவிலேயே அதற்கு வழி இருக்கிறது: ஜீவனாம்சத்துக்கு ஈடாக அவருடைய வீடு, மனை மீது பொறுப்பு (அந்தச் சொத்திலிருந்து வசூலிக்கும் உரிமை) ஏற்படுத்தும்படி கேட்கலாம்.

அவர் வருமானத்தை மறைப்பார் என்று பயப்பட வேண்டாம். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தே ஆக வேண்டும். அரசு ஊழியருக்குச் சம்பளச் சீட்டும் பணிப்பதிவேடும் இருக்கின்றன, வாய்க் கணக்குச் சொல்ல முடியாது.

ஓய்வு பெற்ற பிறகு தராமல் இழுத்தடித்தால்? பென்ஷனைக் கடன்காரர்கள் ஜப்தி செய்ய முடியாது என்று அதே 1871 சட்டம் சொல்கிறது. ஆனால் மனைவி கடன்காரர் ஆகமாட்டார், ஜீவனாம்சத்துக்காகப் பென்ஷனில் பிடிக்கலாம் என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு சொல்லியிருக்கிறது. உங்கள் வக்கீலுக்கு அது பயன்படும்.

கேள்வி: நான் 2009-ல் மத்திய அரசு வேலையில் சேர்ந்தேன், என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கு. மனைவி விவாகரத்துக் கேட்கிறார், கணக்கில் இருப்பதில் பாதியைப் பிரித்துத் தரச் சொல்கிறார். தர வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: கணக்கை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கை மனைவி பெயருக்கு மாற்ற என்.பி.எஸ்.-ல் வசதி இல்லை. ஆனால் அந்தத் தொகை உங்கள் சொத்துதான், பிரமாணப் பத்திரத்தில் காட்டித்தான் ஆக வேண்டும், மறைத்தால் உங்களுக்கே பாதகம். நியாயமாகப் பார்த்தால், கல்யாண நாளன்று இருந்த தொகையையும் இன்றைய தொகையையும் ஸ்டேட்மென்டில் எடுத்து, இடையில் சேர்ந்ததை மட்டும் பேச்சுக்குக் கொண்டுவரலாம். இது சட்டம் விதித்த முறை இல்லை, இரண்டு பேருக்கும் ஒத்துவருகிற ஒரு கணக்கு என்று நினைக்கிறேன். இன்னொன்று, 60 வயதில் அந்தப் பணத்தில் குறைந்தது 40 சதவீதம் ஆனுவிட்டிக்குப் போய்விடும். திரையில் தெரிகிற தொகை முழுவதும் கையில் வராது என்பதை மனைவியிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

2025 ஏப்ரலில் வந்த யு.பி.எஸ்.-க்கு (ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்) மாறியிருந்தால் கணக்கே வேறு. அதில் ஊழியருக்குப் பிறகு அவருடைய பென்ஷனில் 60 சதவீதம் வாழ்க்கைத் துணைக்கு உண்டு, ஆனால் ஓய்வு பெறும் நாளன்று சட்டப்படி யார் துணையோ அவருக்குத்தான். உங்கள் மனைவி இதைத் தெரிந்துகொண்டு பேசட்டும். தெரியாத ஒருவரிடம் கையெழுத்து வாங்குவது நல்லதில்லை.

கேள்வி: விவாகரத்து வாங்காமலே கணவர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். அலுவலகப் படிவத்தில் அந்தப் பெண் பெயரைக் கொடுத்திருக்கிறார். எனக்கு இனி எதுவும் வராதா?
– வாசகி, சிவகாசி

பதில்: வரும். முதல் கல்யாணம் ரத்தாகாமல் இருக்கும்போது செய்த இரண்டாவது கல்யாணம் இந்து திருமணச் சட்டப்படி செல்லாது. 2000-ல் உச்ச நீதிமன்றம் இதே மாதிரி ஒரு வழக்கில், குடும்ப ஓய்வூதியம் முதல் மனைவிக்குத்தான், இரண்டாவது உறவில் பிறந்த பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு என்றது. அந்தப் பிள்ளைகள் என்ன தப்புச் செய்தார்கள், அது சரியான தீர்ப்புதான். நீங்கள் இப்போதே திருமணச் சான்று, ரேஷன் கார்டு நகல்களோடு அவருடைய அலுவலகத் தலைமைக்குப் பதிவுத் தபாலில் எழுதி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: நான் மத்திய அரசு ஊழியர். விவாகரத்து வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வருவதற்குள் எனக்கு ஏதாவது நேர்ந்தால் குடும்ப ஓய்வூதியம் கணவருக்குப் போய்விடுமே, என் மகளுக்குக் கிடைக்கச் செய்ய முடியாதா?
– வாசகி, சென்னை

பதில்: முடியும். 2024 ஜனவரியில் இதற்காகவே உத்தரவு வந்திருக்கிறது. விவாகரத்து வழக்கு நிலுவையில் இருந்தாலோ, குடும்ப வன்முறை அல்லது வரதட்சணைச் சட்டத்தில் கணவர் மீது புகார் கொடுத்திருந்தாலோ, கணவருக்கு முன்பாகத் தகுதியுள்ள பிள்ளைக்கே குடும்ப ஓய்வூதியம் தரும்படி பெண் ஊழியர் கேட்கலாம். மகள் 18 வயதுக்குக் கீழே இருந்து, அப்பாவே பாதுகாவலராக இருந்தால் பணம் அவர் வழியாகத்தான் போகும், அந்த ஒரு சிக்கல் இருக்கிறது. பாதுகாவலர் விஷயத்தையும் வழக்கிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அலுவலகத் தலைமைக்கு எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு மனு நகலை இணையுங்கள், பணிப்பதிவேட்டில் சேர்த்துவிட்டார்களா என்று அப்புறம் நேரில் போய்ப் பாருங்கள். ஜி.பி.எஃப்., பணிக்கொடை நாமினேஷன் இதோடு தானாக மாறாது, அவற்றுக்குத் தனித்தனிப் படிவம் கொடுக்க வேண்டும்.